முத்துக் குளிப்பும் மூச்சுக் கணக்கும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், நம் வட சிலாங்கூர்த் தோட்டத்துக் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோல சிலாங்கூரில் உள்ள புக்கிட் மெலாவாத்திக் குன்றுக்குப் போவதுண்டு. கச்சான் பொட்டலம் வாங்குவோம். அதில் பாதியைக் குரங்குகள் பறித்துக்கொள்ளும். கலங்கரை விளக்கத்தின் பக்கம் நின்று பார்த்தால் தொலைவில் மலாக்கா நீரிணை தெரியும். அந்தக் கடலைக் கண்ட பிள்ளை, "இதிலே முத்து கிடைக்குமா?" என்று கேட்டால் நாம் சிரித்துவிடுவோம். நம் கரைக் கடல் சேற்றுக் கடல். அலையாத்திக் காடும், இறாலும், கெராங்கும் உள்ள கடல். பாசிர் பெனாம்பாங்கிலும் செகிஞ்சானிலும் உள்ள மீனவர்கள் வலை வீசுகிறார்களேயன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆழத்திற்குப் போகிறவர்கள் அல்லர்.

அப்படியிருக்க, கடலுக்குள் மூழ்கி வேலை செய்வோருக்கு வரும் நோயைப்பற்றி இந்தத் தோட்டங்களில் எதற்காகப் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் கப்பலேறிய தமிழகக் கரையில், நம் இனத்தார் ஈராயிரம் ஆண்டுகளாகக் கடலுக்குள் மூழ்கி வேலை செய்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கதையைப் பால்மரக் காட்டின் கதையைப்போல் நாம் சொல்லிக்கொள்வதில்லை. அது ஒன்று. மற்றொன்று, பால்மரமும் செம்பனையும் மட்டுமே நம் பிள்ளைகளின் பிழைப்பு என்றிருந்த காலம் போய்விட்டது. தோட்டத்தில் இருப்பவர்களும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தவர்களும் பிள்ளைகளைப் பல தொழிலுக்கு அனுப்புகிறார்கள். கப்பல் பட்டறையில் வேலை, தீவுகளில் சுற்றுப்பயணிகளை அழைத்துச் செல்லும் படகில் வேலை, விடுமுறைக்குப் பெர்ஹெந்தியான், தியோமான் என்று போய் முதுகில் காற்றுக் கலத்தைக் கட்டிக்கொண்டு மூழ்கிப் பழகுதல் என்று கடல் நம் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது.

முதலில் தண்ணீரின் பாரத்தை அறிந்துகொள்வோம். நம் தலைக்குமேல் உள்ள காற்று எப்போதும் நம்மை அழுத்திக்கொண்டே இருக்கிறது. பிறந்தது முதல் பழகிவிட்டதால் அது நமக்குத் தெரிவதில்லை. தண்ணீரோ காற்றைவிடப் பன்மடங்கு கனமானது. கடலில் பத்து மீட்டர், அதாவது சுமார் முப்பத்துமூன்று அடி இறங்கினால், வானம் முழுவதிலும் உள்ள காற்றின் அழுத்தத்துக்கு நிகரான இன்னோர் அழுத்தம் நம்மேல் கூடிவிடும். இருபது மீட்டரில் மூன்று மடங்கு, முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. தஞ்சோங் காராங் வாய்க்காலில் குதித்து ஆடும் பிள்ளைகூட ஐந்தாறு அடி இறங்கியதும் காது வலிக்கிறது என்று சொல்லும். செவிப்பறையைத் தண்ணீர் உள்நோக்கித் தள்ளுவதால் வரும் வலி அது.

இந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு வேலை செய்தவர்கள்தாம் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்போர். இந்தியாவின் தென்கரைக்கும் இலங்கையின் வடமேற்குக் கரைக்கும் நடுவே கடலடியில் சிப்பிகள் விளையும் பாறைத் திட்டுகள் உள்ளன. அவற்றைப் 'பார்' என்பார்கள். கொற்கை முத்தின் பெருமையை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பார்கள். அந்த முத்தை எடுத்தவர் யார் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல் வழிக் குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது. பாண்டிய நாட்டு முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டார்கள் என்கிறது அது. முத்து அரசனின் கழுத்துக்குப் போயிற்று. அதை எடுக்கக் குற்றவாளியை அனுப்பினார்கள். அந்த வேலையின் ஆபத்து அன்றே தெரிந்திருந்தது என்றுதான் நாம் கொள்ள வேண்டியிருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப்பற்றி எழுதிய மார்க்கோ போலோ, சுறா மீன்களை மந்திரத்தால் கட்டிப் போடுவோர் இருந்தனர் என்றும், கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது என்றும் குறித்திருக்கிறார். இவர்களைத்தான் நம்மவர் 'கடல்கட்டி' என்றழைத்தனர். வெள்ளைக்காரன் ஆட்சிக்கு வந்த பின்னும் கடல்கட்டி போகவில்லை. அவர் கரையில் இல்லையென்றால் தோணியில் ஏறமாட்டோம் என்று ஆட்கள் சொன்னதால், அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அமெரிக்கப் பாலத் தொழிலாளர் கட்டிக்கொண்ட தாயத்தைப்பற்றிச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறோம்.

முத்துக் குளித்த முறை இது. விடியும் முன்பே காற்று பார்த்துத் தோணிகள் புறப்படும். ஒரு தோணியில் பெரும்பாலும் பத்துக் குளியாட்கள். அவர்களுக்கு ஐந்து கல். கயிற்றில் கட்டிய அந்தக் கல்லின்மேல் காலை வைத்துக்கொண்டால், அதன் கனத்திலேயே ஆள் விரைவாக அடியில் போய்ச் சேருவார். கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். அவர் அடியில் தவழ்ந்து கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் அள்ளிப்போட்டுக் கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்கும் கயிறு பிடிப்பவர் இழுப்பார். ஆழம் ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரை. ஒரு பாகம் ஆறடி என்று வைத்துக்கொண்டால் முப்பது அடி முதல் அறுபது அடி. அடியில் இருப்பது ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின். மேலே வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்க, அதே கல்லில் அடுத்தவர் இறங்குவார். ஒரு கல்லுக்கு இரண்டு பேர் என்ற இந்தக் கணக்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

தூத்துக்குடிக் கரைப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், இலங்கைக் கரையோர மக்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியர் என்று பலரும் இந்தத் தொழிலில் இருந்தனர். 1905ஆம் ஆண்டு இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துச் சிலாபம் பெயர்பெற்றது. சுமார் 5,000 குளியாட்கள் கூடினர். வெறும் மணற்காடாய்க் கிடந்த இடத்தில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழுந்தது. நீதிமன்றம், மருத்துவமனை, காவல் நிலையம், கடைத்தெரு எல்லாம் ஓலைக் கொட்டகையில். கோடிக்கணக்கான சிப்பிகள் கரையேறின. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ரூபாய் வருமானம் வந்தது. கூலி என்று பணம் கொடுப்பதில்லை. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கு குளியாட்களுக்கு. அந்த ஒரு பங்கிலும் தோணிக்காரருக்குக் கொடுக்க வேண்டியது உண்டு. சிப்பிக்குள் முத்து இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் நாற்றந்தான் மிச்சம். பாலை ஸ்டோரில் நிறுத்துக் கிராணி எழுதிய எண்ணை நம்பிக் காலந்தள்ளிய நம்மவருக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. அடுத்த ஆண்டு, 1906இல், அங்கே பணியாற்றிய இளம் அதிகாரி ஒருவர் பின்னாளில் நூலாசிரியராகப் புகழ்பெற்ற லியோனார்ட் வுல்ஃப்.

இவர்கள் உடம்புக்கு என்ன நேர்ந்தது? காது கிழிந்தது, மூக்கிலும் காதிலும் இரத்தம் வடிந்தது, வயதானபின் செவி மந்தமாயிற்று. சிலர் அடியிலேயே மயங்கினர். இந்த மயக்கத்தைப்பற்றி இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் சொல்லிவந்த இன்றைய பெஸ்தாரி ஜெயா வட்டாரத்து ஈயக் குட்டைகளில் குளிக்கும் பிள்ளைகளுக்கும் இது உரியது. யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது என்று பந்தயம் கட்டி, இறங்குமுன் படபடவென்று பலமுறை மூச்சிழுத்து விடுவார்கள். உடம்பில் உள்ள கரிவாயுதான் 'மூச்சு விடு, மேலே போ' என்று நம்மை எச்சரிப்பது. படபடவென்று மூச்சு விடுவதால் அந்தக் கரிவாயு குறைந்துபோகும், எச்சரிக்கை வராது. பிராணவாயு தீர்ந்ததும் பிள்ளை சத்தமில்லாமல் நினைவிழக்கும். கரையில் நிற்பவர் அவன் இன்னும் மூச்சடக்கிக்கொண்டிருக்கிறான் என்றே எண்ணிக்கொண்டிருப்பார். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகூட இப்படி மாண்டுபோகும்.

ஆனால் நாம் சொல்ல வந்த நோய், கைகால் முடங்கிப்போகும் அந்த நோய், மன்னார்க் கடலில் பெரிதாகப் பேசப்படவில்லை. காரணம் எளியது. குளியாள் கொண்டுபோனது நெஞ்சில் அடைத்த ஒரே மூச்சுக் காற்று. ஒரு நிமிடத்தில் அவர் திரும்பிவிட்டார். அந்த நோய் வருவதற்கு, ஆழத்தில் அதிக நேரம் தங்கிப் புதிய காற்றைத் திரும்பத் திரும்பச் சுவாசிக்க வேண்டும். அதற்கு ஓர் இயந்திரம் வேண்டும்.

இயந்திரம் வந்தது. 1830களில் லண்டனில் இருந்த அகஸ்டஸ் சீபே என்பவர், செம்புத் தலைக்கவசமும் நீர் புகாத உடையும் இணைந்த மூழ்குடையைச் செய்தார். படகில் ஒருவர் பம்பு அடிப்பார். குழாய் வழியே காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிட வேலை ஒரு மணி நேர வேலையாக நீண்டது. முதலாளிக்கு மகிழ்ச்சி. அதே காலத்தில் ஆற்றுக்குள் பாலத்தூண் கட்டவும் ஒரு முறை கண்டார்கள். அடிப்பாகம் திறந்த பெரும் பெட்டியொன்றை ஆற்றில் இறக்கி, உள்ளே காற்றை அழுத்தி ஏற்றினால் தண்ணீர் வெளியே நிற்கும். ஆட்கள் உள்ளே நின்று மண் தோண்டுவார்கள்.

1870இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றுக்குப் பாலம் கட்டியபோது, வேலை முடிந்து மேலே வந்தவர்கள் வலியால் துடித்தனர். சிலருக்குக் கால் விளங்காமல் போயிற்று. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். வலியில் இடுப்பு வளைந்து நடந்தவர்களைப் பார்த்துக் கேலியாக வைத்த பெயர்தான் 'பெண்ட்ஸ்', அதாவது வளைவு நோய். இன்றும் அந்தப் பெயரே வழங்குகிறது. அந்தத் தொழிலாளர்கள் துத்தநாகமும் வெள்ளியும் கோத்த பட்டைகளைக் கைகளிலும் கணுக்காலிலும் கட்டிக்கொண்டு இறங்கினார்களாம். முன்பு சொல்வதாகச் சொன்ன தாயத்து இதுதான். நம் கடல்கட்டி சுறாவையாவது விரட்டப் பார்த்தார்!

அடுத்து நியூயார்க்கில் புரூக்ளின் பாலம். அதன் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் தொழிலாளரோடு தாமும் பெட்டிக்குள் இறங்குபவர். 1872இல் நோய் அவரையே தாக்கிப் படுக்கையில் தள்ளிற்று. ஓர் அக்கரைத் தூணை 78 அடி ஆழத்தோடு நிறுத்திவிட்டார். இன்னும் கீழே போனால் இன்னும் ஆட்கள் சாவார்கள் என்ற அச்சம் அந்த முடிவுக்கு ஒரு காரணம். அதன் பிறகு பாலம் முடியும்வரை அவருடைய மனைவி எமிலி ரோப்ளிங், கணவர் சொல்லும் கட்டளைகளை எடுத்துக்கொண்டு வேலைத்தளத்துக்குப் போய்வந்தார். கணக்கும் பொறியியலும் தாமே கற்றார். 1883இல் பாலம் திறந்தபோது முதலில் அதைக் கடந்தவர்களில் அந்த அம்மையாரும் ஒருவர். நம் தோட்டத்துத் தாய்மார்களுக்காகவே இதைச் சொல்கிறோம். பெயர் இல்லாமல் இறந்துபோன மண்வெட்டுக் கூலிகளின் மனைவிமார் என்ன ஆனார்கள் என்பதை எழுதி வைப்பார் இல்லை.

நோயின் மூலத்தைக் கண்டவர் பால் பெர் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1878இல் வெளிவந்த நூலில் அவர் விளக்கியதைச் சோடாப் புட்டியைக் கொண்டு எளிதில் புரிந்துகொள்ளலாம். மூடிய புட்டியில் சோடா தெளிவாக இருக்கிறது. உள்ளே வாயு இருப்பதே தெரிவதில்லை. மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விட, கரைந்திருந்த வாயு குமிழாகப் பொங்குகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜன் உள்ளது. ஆழத்தில் அழுத்தம் கூடக் கூட, அந்த நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்து ஏறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து அது சேரும். மெல்ல மெல்ல மேலே வந்தால் நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். திடீரென்று வந்தால் உடம்பே திறந்த சோடாப் புட்டி ஆகிவிடும். குமிழ் மூட்டில் தங்கினால் வலி. முதுகுத் தண்டில் தங்கினால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மூளைக்கோ நுரையீரலுக்கோ போனால் உயிருக்கே மோசம்.

நம்மவர் வழக்கத்தில் மூட்டு வலித்தால் 'காற்றுப் பிடித்திருக்கிறது' என்று சொல்லித் தைலம் தடவுவோம். இந்த ஒரு நோயில் மட்டும் அந்தச் சொல் எழுத்துக்கு எழுத்து உண்மை. தைலந்தான் உதவாது.

பெர் கண்டது நூலில் இருக்க, ஆஸ்திரேலியாவின் வடமேற்கே உள்ள புரூம் துறைமுகத்தில் முத்துச் சிப்பிப் படகுகள் பெருகின. ஜப்பானியர், மலாய்க்காரர், தீமோர்த் தீவின் கூப்பாங் துறைமுகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் ஆகியோர் அங்கே ஒப்பந்தக் கூலிகள். தலைக்கவசம் அணிந்து இறங்கி, நாள் முழுதும் சிப்பி பொறுக்கி, இழுத்தவுடன் மேலே வந்தார்கள். சிப்பி எண்ணிக்கைக்குத்தான் வருமானம் என்பதால் மெல்ல ஏறி வர அவர்களுக்கும் மனமில்லை, படகுக்காரருக்கும் மனமில்லை. புரூமில் உள்ள ஜப்பானியர் இடுகாட்டில் 900க்கும் மேற்பட்டோர் அடக்கமாகியிருக்கிறார்கள். புயலில் இறந்தவர்களும் நோயில் இறந்தவர்களும் அவர்களில் உண்டு. இந்தக் குமிழ் நோயால் இறந்தவர்கள் பலர். 1912இல் ஆசியரை நீக்கிவிட்டு வெள்ளையரைக் கொண்டே தொழில் நடத்தலாம் என்று இங்கிலாந்திலிருந்து தேர்ந்த மூழ்காளர்களை வரவழைத்தார்கள். சில மாதங்களிலேயே அவர்களிலும் இந்த நோய்க்குப் பலியானவர் உண்டு. முயற்சி கைவிடப்பட்டது. நிறத்தைப் பார்த்து நைட்ரஜன் கரைவதில்லை.

இத்தனைக்கும், 1912க்கு நான்கு ஆண்டுகள் முன்பே தீர்வு கையில் இருந்தது. அதைக் கண்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சுக் காற்றை அறியச் சிறு குருவிகளைக் கொண்டுபோகலாம் என்று சொன்னவரும் இவரே. பிரிட்டிஷ் கடற்படை கேட்டுக்கொண்டதற்கு இணங்க அவர் ஆராய்ச்சி செய்தார். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது ஆடுகளை! பெரிய இரும்புக் கலத்துக்குள் ஆடுகளை விட்டுக் காற்றை அழுத்தி, பிறகு பல வகையான வேகங்களில் அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். ஆடு வாய் திறந்து சொல்லாது. லயத்துக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டகை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், ஆட்டுக்குக் காலில் வலி என்றால் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஹால்டேனின் ஆடுகளும் அப்படித்தான் முன்னங்காலைத் தூக்கி நின்றன. அதுவே அவருக்கு அளவுகோல்.

அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் பெரும்பாலும் தீங்கில்லை என்று அவர் கண்டார். ஆகவே ஆழத்திலிருந்து வருபவர் முதலில் அழுத்தம் பாதியாகும் இடம்வரை வரலாம், அங்கே நிற்க வேண்டும், பிறகு சிறிது ஏறி மீண்டும் நிற்க வேண்டும், இப்படிப் படிப்படியாக. எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தால் எங்கெங்கே எத்தனை நிமிடம் நிற்பது என்று அட்டவணை போட்டார். 1908இல் அந்த அட்டவணை வெளியாயிற்று. இன்றைய அட்டவணைகள் இன்னும் எச்சரிக்கையானவை. ஆனாலும் படிப்படியாக ஏறும் வழி அவர் காட்டியதுதான்.

இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி. ஓர் ஆட்டைக் கொண்டு கண்டறிந்த அறிவு, மனிதனிடம் வந்து சேர எத்தனை காலம் ஆகலாம்? கடற்படைக்கு உடனே சேர்ந்தது. பெரிய கம்பெனிகளின் மூழ்காளருக்குச் சேர்ந்தது. 1980களில் சிங்கப்பூரில் நிலத்தடி ரயில் பாதை தோண்டியபோது சில இடங்களில் அழுத்தக் காற்றில் வேலை நடந்தது. நோய் வந்தவர்களுக்கு மருத்துவம் செய்ய ஏற்பாடும் இருந்தது. கூலிக்கு மூழ்குகிற ஏழைக்கு மட்டும் அது நூறு ஆண்டுக்குப் பின்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதே நம் எண்ணம்.

தூத்துக்குடிக்கே திரும்புவோம். அங்கே முத்துக் குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கு குளிப்பு நிற்கவில்லை. பூசைக்கும், வங்காளத்துச் சுமங்கலிகளின் வளையலுக்கும் மன்னார்க் கடல் சங்குதான் வேண்டும். திரேஸ்புரம் போன்ற கரைகளில் உள்ள சங்குகுளித் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் மூச்சடக்கி இறங்கினார்கள். பின்னர் கம்ப்ரசர் வந்தது. படகில் இயந்திரம் ஓடும். நீண்ட ரப்பர்க் குழாயின் முனையை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். குழாயும் நம் பாலில் பிறந்த ரப்பர்தான் போலும். அருகில் கிடைத்த சங்கு தீர்ந்துபோக, ஆழம் கூடிக்கொண்டே போயிற்று. குழாய் மடங்கினால் மூச்சு நின்றது. இயந்திரத்தின் புகை குழாயில் கலந்தால் நஞ்சாயிற்று. நாளெல்லாம் ஆழத்தில் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தவர்களுக்கு அமெரிக்கப் பாலக் கூலிகளுக்கு வந்த அதே வலியும் முடக்கமும் வந்தன. இலங்கையின் வடபகுதிக் கடலில் கடலட்டை எடுக்கக் காற்றுக் கலம் கட்டி இறங்குபவர்களின் நிலையும் இதுவே. நம் நாட்டில் சபா மாநிலத்துச் செம்பூர்ணா பக்கம் பஜாவ் மக்களிடையேயும் கம்ப்ரசர் வைத்து மூழ்குவோர் உண்டு.

மூச்சடக்கி மூழ்குவோருக்கு இந்த நோய் அறவே வராது என்றும் எண்ணிவிடக் கூடாது. தென் பசிபிக்கில் துவாமோத்து என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே முத்துச் சிப்பி எடுப்போர் நூறடிக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு, இடைவெளி அதிகமில்லாமல், மணிக்கணக்கில் இறங்கி ஏறினார்கள். அவர்களுக்குத் தலைசுற்றலும் முடக்கமும் வந்தன. அதைத் 'தரவானா' என்றார்கள். அதே கடலில் மங்கரேவா என்ற தீவுக்காரர்கள் ஒவ்வொரு மூழ்கலுக்கும் நடுவே பத்து நிமிடத்துக்கு மேல் ஓய்வெடுப்பது வழக்கம், அவர்களுக்கு வரவில்லை. நேயர்களே, ஒரு கல்லுக்கு இரண்டு பேர் என்ற மன்னார்க் கணக்கை இப்போது நினைத்துப் பாருங்கள். ஒருவர் இறங்கும்போது மற்றவர் தோணியில் இளைப்பாறினார். மூச்சு வாங்கத்தான் அந்த ஏற்பாடு என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள். அதுவும், ஆழம் அதிகமில்லாததும் சேர்ந்து அவர்கள் நரம்பையும் காத்தன என்று நாம் நம்புகிறோம். நைட்ரஜன் என்ற சொல்லைக் கேட்டறியாதவர்கள் வைத்திருந்த கணக்கு அது. கம்ப்ரசர் வந்தபோது அந்த ஓய்வுதான் முதலில் போயிற்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மகனோ மகளோ கடலில் மூழ்கும் வேலைக்கோ பொழுதுபோக்குக்கோ போகிறார் என்றால், சான்றிதழ் பெற்றவரிடம் பழகியிருக்கிறாரா, காற்றுக்குழாய் போடும் படகில் யார் பொறுப்பு என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் அன்று இறங்கக் கூடாது, காது கிழியும். மூழ்கிய அன்றே விமானம் ஏறக் கூடாது. உயரே போனால் அழுத்தம் இன்னும் குறைந்து, அடங்கியிருந்த குமிழ் பொங்கும். கடைசியாக மூழ்கிய பின் ஒரு முழு நாளாவது தரையில் இருப்பது நல்லது. வேலைக்காக மூழ்குபவராயின் முதலாளி சொக்சோவில் பதிந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தக் காற்றால் வரும் நோயை அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் தொழில்நோய்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

மேலே வந்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அறிகுறி தெரியும். ஒரு நாள் கழித்தும் வரலாம். தோளிலோ முழங்கையிலோ ஆழமான வலி, தோலில் அரிப்பும் திட்டுத்திட்டான நிறமாற்றமும், கால் மரத்துப் போதல், தள்ளாட்டம், சிறுநீர் வராமை, காரணமில்லாத பெரும் அசதி ஆகியவை அவை. வலி தானே குறைந்தாலும் விட்டுவிடக் கூடாது. வலி போக மறுபடி கடலில் இறக்குவது சில கரைகளில் உள்ள பழக்கம். அது ஆளைக் கொன்றுவிடக்கூடும். நினைவோடு இருப்பவரை மல்லாந்து படுக்க வைத்து, தண்ணீர் கொடுத்து, பிராணவாயு இருந்தால் சுவாசிக்கச் செய்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உண்மையான மருந்து, ஹால்டேன் ஆடுகளை விட்டது போன்ற ஓர் அழுத்தக் கலந்தான். நோயாளியை உள்ளே படுக்க வைத்து, அழுத்தத்தை ஏற்றிக் குமிழை மீண்டும் கரைத்து, பிராணவாயு கொடுத்தபடி மணிக்கணக்கில் மெல்லக் குறைப்பார்கள். நேரம் ஆக ஆகப் பலன் குறையும்.

அத்தகைய கலம் எங்கோ வெளிநாட்டில் இருப்பதன்று. கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் என்று நம் தோட்டங்களையும் வயல்களையும் தொட்டுக்கொண்டு வடக்கே போகும் ஐந்தாம் எண் சாலை, தெலுக் இந்தான் கடந்து சித்தியவானுக்கும் லூமுட்டுக்கும் போகிறது. லூமுட்டில் உள்ள ஆயுதப்படை மருத்துவமனையில் கடலடி மருத்துவத்துக்கென்றே ஒரு பிரிவும் அழுத்தக் கலமும் உள்ளன. பொதுமக்களுக்கும் அங்கே சிகிச்சை தரப்பட்டிருக்கிறது. முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கிருந்து ஏற்பாடு செய்வார்கள். நம் பக்கத்து மருத்துவர்கள் இந்த நோயை அடிக்கடி பார்ப்பவர்கள் அல்லர். அதனால் உள்ளே போனதும் "இவர் கடலுக்குள் மூழ்கி வேலை செய்தவர்" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். எத்தனை அடி ஆழம், எத்தனை நிமிடம், அன்று எத்தனை முறை, கடைசியாக மேலே வந்தது எத்தனை மணிக்கு என்ற நான்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மருத்துவர் கையில் கொடுங்கள்.